பத்தண்ணனும் பதினொன்றும்

பிசியோதெரபி அறை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கறாரான பொம்பளை நான்தான். பதினாறு வருஷமாக அதே மேசை, அதே நாற்காலி. நோயாளியின் அட்டையை வாங்கிப் பதிவது, உள்ளே அனுப்புவது, கூட வந்தவர்களை வெளியே பெஞ்சில் உட்கார வைப்பது, இவ்வளவுதான் வேலை. ‘நோயாளிகளைத் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது’ என்று கதவில் ஒட்டியிருக்கிறதே, அதை எழுதி ஒட்டியதும் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். அந்த வாய் மட்டும் இல்லையென்றால் என்னை அந்த வாசலிலிருந்து என்றைக்கோ நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

ஆனால் இது என் கதை இல்லை. உள்ளே வேலை பார்க்கும் பத்தண்ணன் கதை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. படித்த தெரபிஸ்ட் இல்லை அவர், உதவியாளர். எந்தக் கையை எப்படி அசைக்க வேண்டும் என்று தெரபிஸ்ட் சொல்லிவிட்டுப் போவார். அந்தக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எண்ணுவது இவர். கையைத் தூக்கு, பத்து. முட்டியை மடக்கு, பத்து. பந்தை அமுக்கு, பத்து. காலையிலிருந்து சாயங்காலம் வரை பத்து, பத்து, பத்து. பெயர் எப்படி வந்தது என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆள் பீரோ மாதிரி இருப்பார், குரல் மட்டும் பூனைக்குட்டி.

“இந்த மனுஷன் வீட்லயும் திருந்தலக்கா,” என்று அவர் சம்சாரம் ஒருநாள் என் மேசைக்கு வந்து சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சொன்னாள். “நான் திட்டினா வாய்க்குள்ள என்னமோ முணுமுணுக்கிறார். சாமி கும்பிடறார்னு நெனச்சேன். எத்தனை திட்டுன்னு எண்ணுறாராம்! பத்து ஆனதும் ‘போதும், கொஞ்சம் ரெஸ்ட் எடு’ங்கிறார்.”

எங்கள் ஊர் பிழைக்க வந்தவர்களின் ஊர். கப்பலில் வந்தவர், ரயிலில் வந்தவர், வந்த வழியே மறந்தவர் என்று தெருவுக்கு நாலு பாஷை. பத்தண்ணனுக்குப் பதினோரு பாஷைகளில் ஒன்று முதல் பத்து வரை சொல்லத் தெரியும். அதற்கு மேல் அதில் எந்தப் பாஷையிலும் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. தங்கள் பாஷையில் எண்ணுகிற ஒருவர் கிடைத்ததும் நோயாளிகள் உருகிப்போய், மகள் கல்யாணத்திலிருந்து மச்சான் சண்டை வரைக்கும் கொட்டித் தீர்ப்பார்கள். பத்தண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் ரொம்ப உருக்கமாக “ஏழு” என்பார்.

எல்லாவற்றையும் ஒரு நீல நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அங்கேதான் வம்பு. நமக்கு எழுத்தில் ஒரே ஒரு ‘க’. அவர்கள் வாயில் நாலு விதமான ‘க’. குழாய் வேலை செய்கிற ஒருவர் முட்டி உடைந்து வந்திருந்தார். அவர் பாஷையில் பத்தண்ணன் ஆறு என்று நினைத்துச் சொன்ன சொல்லுக்கு ‘மாமியார்’ என்று அர்த்தமாம். நாலு, அஞ்சு, மாமியார், ஏழு என்று எண்ணினால் மனுஷன் என்ன செய்வார்? அவர் சிரித்த சிரிப்பில் மூன்று வாரமாக மடங்காமல் அடம்பிடித்த முட்டி தானாக மடங்கியது. தெரபிஸ்ட் அதைத் தன் திறமை என்று எழுதிக்கொண்டார்.

புதுப் பாஷைக்காரர் யாராவது வந்தால் பத்தண்ணன் என் மேசைக்கு ஓடிவருவார். கூட வந்த சொந்தக்காரர் முன்னால் கட்டைவிரலை நீட்டி, புருவத்தைத் தூக்குவார். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். சிலர் கட்டைவிரலில் ஆரம்பிப்பார்கள், சிலர் சுண்டுவிரலில். சிலர் விரலை நீட்டி எண்ணுவார்கள், சிலர் மடக்கி.

“எதுக்கு அண்ணே எல்லாப் பாஷையும் பத்து பத்தாவே போகுது? எல்லாரும் கூடிப் பேசி வெச்சுக்கிட்டாங்களா?” என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கேட்டேன்.

கழுவிய கையைத் துடைக்காமலே என் முகத்துக்கு நேரே விரித்தார். “பேசி எங்க வெச்சாங்க? கையில வெச்சுக்கிட்டாங்க. வாய் ஊருக்கு ஊர் மாறும் தங்கச்சி, கை மாறுமா?”

பக்கத்தில் இருந்த தச்சர் சும்மா இருப்பாரா? ரம்பத்துக்கு இரண்டு விரல் கொடுத்தவர் அவர். “அப்படின்னா எனக்கு எட்டோட நிறுத்துங்க. எனக்கு அதான் பத்து.”

“உங்க விரல்தானே போச்சு? உங்க பாட்டன் முப்பாட்டன் விரல் போகலையே. எண்ணி வெச்சது அவங்க. ம், தூக்குங்க, ஒம்பது!”

நானும் சளைத்தவள் இல்லை. என் அலமாரியைக் காட்டினேன். அட்டைகளில் பெயரை அவரவர் தங்கள் எழுத்தில் எழுதியிருப்பார்கள். சிலது கோழி கிளறியது போல, சிலது கொடி படர்ந்தது போல, எனக்கு ஒரு எழுத்தும் விளங்காது. ஆனால் மூலையில் உள்ள எண்ணை யார் எழுதினாலும் எனக்குப் புரியும். சாமியில் சண்டை, சாப்பாட்டில் சண்டை, பந்து விளையாட்டில் சண்டை. அந்தப் பத்து வடிவத்தில் மட்டும் எங்கள் ஊருக்கு வந்த அத்தனை பேரும் முணுமுணுக்காமல் ஒத்துப்போயிருந்தார்கள். வியாபாரிகளோடு மூட்டையில் ஏறி ஊர் ஊராகப் போன எழுத்து அது. எழுதச் சுலபமாக இருந்தது, பிடித்துக்கொண்டார்கள். சிலர் ஏழுக்கு இடுப்பில் கோடு போடுவார்கள், சிலர் ஒன்றுக்கு மூக்கு வைப்பார்கள். அதோடு சரி.

தமிழ் பழகிக்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி அப்போது உள்ளே புகுந்தாள். “எழுபது, எண்பது சரி. அடுத்தது தொண்ணூறா? இன்னும் பத்து பாக்கி இருக்கும்போதே நூறு எப்படி உள்ள வந்துச்சு?”

“அது எங்க வீட்டு சமாச்சாரம், அதையெல்லாம் கேக்காதீங்க,” என்றேன். எனக்கே தெரியாதே!

“எல்லார் வீட்லயும் ஒரு படி மட்டும் உசரமா இருக்கும்மா,” என்றார் பத்தண்ணன். “வீட்டுக்காரங்க தாண்டிப் போயிடுவாங்க. புதுசா வர்றவங்கதான் தடுக்கி விழணும்.”

சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் தடுக்கி விழுந்தது பேக்கரிக்காரரிடம்.

பேக்கரிக்காரருக்கு அறுபது வயதிருக்கும். மூளையில் ரத்தம் அடைத்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, சொந்தப் பாஷையும் சரி, கடைக்காகப் படித்த தமிழும் சரி. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தது அவர் மனைவி. அவருடைய தோளுயரம்கூட இல்லாத அம்மா. இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்தாயிற்று! பத்தோடு பதினொன்று, அத்தோடு இதுவும் ஒன்று என்று அட்டையைப் போட்டேன்.

அந்த அம்மாவுக்குத் தெரிந்த தமிழ் முழுக்கக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று கற்ற தமிழ். ‘சூடா இருக்கு’, ‘நேத்துப் போட்டது’, ‘தீந்துபோச்சு’, ‘நாளைக்கு வாங்க’, ‘இங்கயே சாப்பிடவா, பார்சலா?’ அதை வைத்துக்கொண்டே சகலத்தையும் சமாளித்தார்.

“வீட்டுக்காரர் முன்னாடி எப்படிம்மா பேசுவார்?” என்று கேட்டேன்.

“சூடா,” என்றார்.

“இப்ப ஒண்ணுமே வரலையா?”

“தீந்துபோச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது.

வழக்கம்போலப் பத்தண்ணன் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா ஒரு கை விரலைத் தொட்டுத் தொட்டு ஐந்து சொன்னார், மறு கையில் ஐந்து. பத்து வந்ததும் பன்னிரண்டாவது பாஷை கிடைத்த சந்தோஷத்தில் பத்தண்ணன் நோட்டை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த அம்மாவோ குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

“யம்மா, யம்மா! செருப்பெல்லாம் கழட்டாதீங்க. இது ஆஸ்பத்திரி. தரையில என்னென்ன கெடக்கோ!” என்று சத்தம் போட்டேன். பாவம், சட்டென்று மாட்டிக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டார். அவர் என்ன செய்ய வந்தார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் நீளமாக இருந்து என்ன பிரயோஜனம், காது குட்டையாக இருந்தால்?

பேக்கரிக்காரருக்குக் கொடுத்த பயிற்சி இதுதான். இடது பக்கம் ஒரு கூடை, வலது பக்கம் ஒரு கூடை. இடது கூடையில் பத்து மரக்கட்டைகள். விழுந்த வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் போட வேண்டும். முழங்கையைப் பத்தண்ணன் தாங்கிக்கொண்டு, அவர் பாஷையில் எண்ணுவார். இரண்டாவது வாரம் ஒருநாள் பத்தண்ணன் ‘மூன்று’ சொல்வதற்கு முன்னால் பேக்கரிக்காரர் வாயிலிருந்து அந்த மூன்று வந்தது. பிறகு நாலு, ஐந்து, பத்து வரைக்கும்! பத்தண்ணன் அவரை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து, “தங்கச்சி, எண்ணுறார்!” என்று பூனைக்குட்டிக் குரலில் கத்தினார்.

“பேச்சு போனவங்களுக்குக்கூட எண்ணுறது சில சமயம் தங்கும்,” என்றார் டாக்டரம்மா. “சின்ன வயசுல மனப்பாடம் ஆனது. அது வேற இடத்துல உக்காந்திருக்கும்.”

“நம்ம பாஷையில எண்ணுறதுன்னா நினைக்கிறதும்தானே டாக்டரம்மா. உள்ள என்னமோ நினைக்கிறார்,” என்றார் பத்தண்ணன்.

என்ன நினைத்தாரோ, பத்தாவது கட்டை விழுந்ததும் ஆள் மாறிவிடுவார். காலிக் கூடைக்குள் கையை விட்டுத் துழாவுவார். பத்தண்ணன் கைதட்டி, “பத்து! சபாஷ், போதும்” என்பார். பேக்கரிக்காரர் முகம் சிவந்து ஒரு கத்து கத்துவார். இடது கையால் கூடையைத் தூக்கி எறிவார். தினமும் இதே கூத்து.

பத்தண்ணன் இதை மனசில் வாங்கிக்கொண்டார். பத்தாவது சொல்லைத் தான் தப்பாகச் சொல்லி, அது ஏதோ கெட்ட வார்த்தையாகிவிட்டது என்று சந்தேகம். மாமியாரால் அடிபட்ட அனுபவம் இருக்கிறதே! நடைபாதையில் நின்று அந்தச் சொல்லை நூறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். கிசுகிசுவென்று சொன்னார், கூடை பறந்தது. பாட்டாகச் சொன்னார், கூடை பறந்தது. ஒருநாள் பயந்துபோய் ஒன்பதோடு வாயை மூடிக்கொண்டார். பேக்கரிக்காரரே பத்து சொல்லிவிட்டு, துழாவிவிட்டு, கூடையை எறிந்தார்.

“இன்னைக்கு என்னண்ணே எழுதறது?” என்று சாயங்காலம் கேட்பேன்.

“பத்தும் பண்ணினார். அப்புறம் கோவிச்சுக்கிட்டார்,” என்பார்.

நான் அட்டையில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதுவேன். கட்டத்தில் இடம் குறைவு. கோவித்துக்கொண்டார் என்பதைவிட அது அடக்கமாக இருந்தது. தினமும் அதையே எழுதினேன்.

ஆறாவது வாரம் டாக்டரம்மா அந்த அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். சொன்னால் கேட்காதவர், பொருளைத் தூக்கி எறிகிறவர், பீரோவில் முக்கால் இருக்கிற ஆள். இவரை அந்தத் துளியூண்டு அம்மா வீட்டில் தனியாக எப்படிச் சமாளிக்கும்? ஊருக்கு வெளியே, பஸ்ஸில் மூன்று மணி நேரம், நீண்ட நாள் நோயாளிகளுக்கு ஒரு பராமரிப்பு இல்லம் இருந்தது. அங்கே போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. “நாளைக்குக் காலையில ஒரு தடவை நேர்ல பாக்கறேன். முன்னேற்றம் இல்லேன்னா கையெழுத்துப் போட்டுடறேன்,” என்று படிவத்தை எடுத்து வைத்தார்.

அந்த அம்மாவிடம் இதை யார் சொல்வது? நான்தான் சொன்னேன். பஸ், மூன்று மணி நேரம், அங்கே நல்லா பாத்துப்பாங்க என்று கையாலும் வாயாலும் விளக்கினேன். புரிந்துகொண்டு என் முகத்தையே பார்த்தார். பிறகு, “நாளைக்கு வாங்க,” என்று மெதுவாகச் சொன்னார். கடையில் ரொட்டி கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும்போது சொல்கிற அதே சொல். அன்றைக்கு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மா படிவமும் பேனாவுமாக உள்ளே போனார். கதவைச் சாத்தினேன். அந்த அம்மா பெஞ்சில். உள்ளே பத்தண்ணன் குரலும் பேக்கரிக்காரர் குரலும் சேர்ந்து கேட்டன. ஒன்று, இரண்டு… எட்டு, ஒன்பது, பத்து. அப்புறம் அந்தக் கத்தல். கூடை சுவரில் மோதிய சத்தத்தில் என் கை உதறி, பேனா உருண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. சனியன் என்று திட்டிக்கொண்டே குனிந்தேன்.

பெஞ்சுக்கு அடியில் இரண்டு செருப்பும் ஓரமாகக் கழற்றிக் கிடந்தன. வாயைத் திறந்தேன், திட்டத்தான். அப்போது பார்த்தேன், அந்த அம்மாவின் கால்விரல்கள் ஒவ்வொன்றாக உயர்ந்து இறங்கின. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால் உதடு அசைகிறது. தினமும் அசையும் உதடுதான். பிரார்த்தனை என்று நினைத்திருந்தேன்.

“என்னம்மா பண்றீங்க?”

பயந்துபோனார். “தட்டு,” என்றார். கையால் காற்றில் ஒரு பெரிய தட்டு வரைந்தார். “தட்டு, இருபது.” பிறகு தன்னையே தொட்டுக் காட்டினார். “கை. கை. கால். கால். இருபது.” அவர்கள் பாஷையில் ஒரு சொல் சொல்லி, நெஞ்சைத் தட்டிக்கொண்டார். “ஒரு ஆளு.”

எனக்கு மண்டையில் யாரோ குட்டியது போல இருந்தது. அவர்கள் எண்ணுவது கையோடு முடிகிற எண் இல்லை, காலையும் சேர்த்த எண்! இருபது வந்தால்தான் ஒரு ஆள் கணக்கு. ஆயுசு முழுக்க இருபது இருபதாக ரொட்டி அடுக்கித் தட்டு நிரப்பிய மனுஷனுக்கு நாங்கள் தினமும் பாதித் தட்டைக் கொடுத்துவிட்டு, போதும் என்று கைதட்டியிருக்கிறோம். கோபம் வராமல் கொஞ்சவா செய்வார்?

மேசை மேலிருந்ததையெல்லாம் முந்தானையில் வாரினேன். ஒரு கையால் அந்த அம்மாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நான் எழுதி ஒட்டிய அறிவிப்பைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

“அண்ணே, நிறுத்தாதீங்க! பதினொண்ணு சொல்லுங்க!”

கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பத்தண்ணன் திருதிருவென்று விழித்தார். “எனக்குப் பதினொண்ணு தெரியாதே தங்கச்சி! நோட்டு பத்தோட முடிஞ்சுபோச்சே!”

“உங்களை யார் சொல்லச் சொன்னா? கையை மட்டும் பிடிங்க!”

டாக்டரம்மா படிவத்தை மடியில் வைத்து, பேனா மூடியைக் கழற்றியிருந்தார். “என்ன இது? உங்க ரூலை நீங்களே…” என்று ஆரம்பித்தவரை நான் கண்டுகொள்ளவில்லை. பத்துக் கட்டைகளை வலது கூடையில் போட்டு, முந்தானையில் இருந்ததை இடது கூடையில் கொட்டினேன்.

அந்த அம்மா வெறுங்காலோடு நின்று, பதினோராவது சொல்லைச் சொன்னார்.

பேக்கரிக்காரர் தலை திரும்பியது. மனைவியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். அந்தச் சொல்லைத் தானும் சொன்னார். வலது கை மெதுவாக, ஆமை போல நகர்ந்து என் ரப்பர் ஸ்டாம்பைப் பிடித்தது. போட்டார். பன்னிரண்டு அவரே சொன்னார், ஸ்டாம்பு பேடு. பதின்மூன்று ஸ்டேப்ளர். பிறகு பஞ்சிங் மெஷின், பசை டப்பா, கண்ணாடிக் கூடு, சாவிக்கொத்து, டிபன் பாக்ஸ் மூடி. பத்தண்ணன் வாயைப் பிளந்துகொண்டு முழங்கையைத் தாங்கினார். பதினாலு வருஷ வேலையில் முதல்முறையாக நோயாளி எண்ண, அவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். பத்தொன்பது, அழிக்கிற ரப்பர்.

கூடை காலி. அவசரத்தில் ஒன்று குறைவாக அள்ளியிருக்கிறேன். பதினாறு வருஷமாக எண்ணைப் பதிகிறவள் நான்!

வலது கை கூடைக்குள் துழாவியது. முகம் சிவக்க ஆரம்பித்தது. இடது கை கூடையின் விளிம்பைப் பிடித்தது. டாக்டரம்மா எங்கள் முகங்களைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். குனிந்து, தன் பேனாவைக் கூடைக்குள் வைத்தார்.

மெலிசான பேனா. விரல் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை பிடித்தது. போட்டார். நெஞ்சை ஒருமுறை தட்டி, அந்தச் சொல்லைச் சொன்னார். சத்தமில்லை, கோபமில்லை. நிரம்பிய கூடையை ஒரு விரலால் தள்ளி ஓரமாக வைத்தார், அடுப்புக்குப் போகிற தட்டை வைப்பது போல.

“என்ன சொன்னார்?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இருபது,” என்றார் அந்த அம்மா. “ஒரு ஆளு. முழுசு.” பிறகு அந்த அம்மா, டாக்டரம்மாவின் மடியில் இருந்த படிவத்தைப் பார்த்தார். கணவர் தோளில் கையை வைத்தார். கடைக்குரலில், தெளிவாக, “பார்சல்,” என்றார்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. “பார்சலேதாம்மா,” என்று படிவத்தை என்னிடம் நீட்டினார். கூடையிலிருந்து அவர் பேனாவை எடுத்து, ‘செல்லும் இடம்’ என்ற கட்டத்தில் ‘வீடு’ என்று எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு கோணலாக ஒருநாளும் வந்ததில்லை.

சாயங்காலம் பேக்கரிக்காரருடைய பழைய அட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு, நான் எழுதிய ‘ஒத்துழைப்பு இல்லை’ ஒவ்வொன்றையும் அடிக்க ஆரம்பித்தேன். பத்தண்ணன் பக்கத்தில் நின்று எண்ணினார். பத்து அட்டை ஆனதும் பழக்கதோஷத்தில் கைதட்டப் போனார். நான் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தேன். தட்டப் போன கையைக் கீழே போட்டுவிட்டு, நீல நோட்டைத் திறந்து, காலையில் அந்த அம்மாவிடம் கேட்டு எழுதிவைத்த வரியை எழுத்துக்கூட்டி வாசித்தார். பதினொன்று.